பன்னிரண்டாம் பெயருக்கு நான் இட்ட குறி

பழைய ஆவணங்களைக் காத்துவரும் ஐயா, அம்மா,

குண்டுகள் விழுகின்றன. காலை ஆறு பத்து. எல்லையோரப் பண்டகசாலை. முதற்குண்டு தொலைவில். கனத்த கதவைச் சாத்தியது போன்ற ஒலி. இரண்டாவது, மதிலுக்கு அப்பால். தகரக் கூரை அதிர்கிறது. ஓடுகிறோம். நான் அங்கே ஸ்டோர் கிளார்க். பதுங்கு குழியின் வாயிலில் நின்று, இறங்குவோரின் பெயருக்கு எதிரே குறியிடுவது என் பொறுப்பு.

"தலையைக் குனி! இறங்கு! இறங்கு!"

என்னையும் சேர்த்துப் பதினொருவர். பன்னிரண்டாவது பெயர் செல்வராஜ். வெல்டர். என் அறைத்தோழன். கேஸ் சிலிண்டரை அடைக்கத் திரும்பி ஓடினான். அவன் தாமதமாக வரும் நாட்களில் வருகைப் பதிவேட்டில் அவனுக்கும் நானே குறியிடுவது எங்கள் வழக்கம். அன்றும் கை குறியிட்டுவிட்டது.

"பன்னிரண்டு!" என்று கத்தினேன்.

"தர்வாஸா பந்த் கரோ!" என்றார் அதிகாரி. கதவு மூடப்பட்டது.

ஆண்டுகள் பல கழிந்துவிட்டன. இப்போது சனத்நகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். நாள்தோறும் காலையில் நோட்டில் எழுதுகிறேன். நான் எத்தகைய மனிதன் என்று அறிவதற்காக. அந்நாளைப் பற்றி இவ்வாறு எழுதியிருந்தேன்: செல்வராஜ் இறங்கினான், பிறகு அவனாகவே வெளியே போனான். அவன் மனைவிக்கும் அன்று அதையே எழுதியனுப்பினேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை அவ்வரியின் கீழே சிவப்புக் கோடு ஒன்று கிடந்தது. எவரோ படிக்கின்றனர். மருமகளைச் சந்தேகித்தேன். பேத்தியையும் சந்தேகித்தேன். இருவரையும் அழைத்து விசாரித்தேன்.

"மாமா, இந்த வீட்ல சிவப்புப் பேனா உங்க சட்டைப் பையில மட்டும்தான் இருக்கு" என்றாள் மருமகள்.

பேத்தி சிரித்தாள். "தாத்தா, நாக்கு தமிழ் சதவடமே ராது!" தெலுங்கிலேயே வளர்ந்த, தமிழ் படிக்கவே தெரியாத பிள்ளை.

இருப்போடு பொருந்தாத பதிவின் கீழே சிவப்புக் கோடிடுவது பண்டகசாலைப் பழக்கம். கோடு என்னுடையது. போட்டது நினைவில்லை.

ஆகவே திருத்தி எழுதுகிறேன். செல்வராஜ் இறங்கவில்லை. கதவு மூடிய பின் மூன்று முறை தட்டினான். உள்ளங்கையால். என் காதில் விழுந்தது. உள்ளே இருந்தவர்களிடம் "கல் விழுகிறது" என்றேன். இட்ட குறி பொய்யாகிவிடும் என்று அஞ்சினேன். ஆறு பதினாறு. மூன்றாவது குண்டு.

இழந்தவை: கிழக்குச் சுவர். ஒரு லாரி. செல்வராஜ், வயது முப்பத்திரண்டு. அவன் மனைவி, என் கடிதத்தை நம்பியபடியே பின்னாளில் காலமானார்.

அவர்களுக்கு மகள் ஒருத்தி இருக்கிறாள். அவள் கேட்டு வரும்வரை இதைப் பாதுகாத்து வையுங்கள்.