பிரவீணாவைப் பார்த்த நான்கு பேர்

நம் பிள்ளைகளின் சக்கர நாற்காலிகள் தடையின்றி உருண்டு வர, வாசலில் படியே இல்லாத பஞ்சு மூட்டைகள் அடுக்கும் தம் கிட்டங்கியைத் திறந்து தந்து, இந்த அவைக்குத் தலைமையும் ஏற்றிருக்கும் பெரியவர் சங்கரபாண்டியன் அவர்களே! அருப்புக்கோட்டையிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் வெயில் பாராமல் வந்திருக்கும் சான்றோர்களே! தறி ஓட்டத்தை ஒரு நாள் நிறுத்திவிட்டு வந்த தந்தையரே! எட்டு வயதானாலும் ஒன்பது வயதானாலும் பிள்ளையை இடுப்பிலேயே சுமக்கும் என் தாய்மார்களே! சிறப்பாசிரியர் ரேணுகாதேவியாகிய நான் உங்கள் எல்லாரையும் சிரம் தாழ்த்தி வணங்குகிறேன்.

அங்கே ஒரு பிள்ளை சத்தம் போடுகிறான். அதட்டாதீர்கள், அம்மா. இந்த அவையில் சத்தம் போடும் உரிமை முதலில் அவனுக்குத்தான். எனக்கு அதன் பிறகுதான்.

பெருமை பேச நான் இங்கே வரவில்லை. பிழை சொல்ல வந்திருக்கிறேன். ஊரார் பிழை அல்ல, என் பிழை.

பாலவனத்தத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். அங்கே விசைத்தறியில் வேலை பார்க்கும் தங்கமாரி, லோடு வண்டி ஓட்டும் அவர் கணவர் ஆண்டிச்சாமி. அவர்களின் ஒரே மகள் பிரவீணா. எட்டு வயது. பிறக்கும்போதே மூளையில் பாதிப்பு. நடக்க இயலாது, பேச இயலாது, வலிப்பும் உண்டு. ஆனால் பஸ்ஸு ஹாரன் கேட்டால் போதும், கழுத்தைத் திருப்பி அப்படிச் சிரிப்பாள்!

அந்தக் குழந்தையைக் கவனிக்க ஆள் இல்லையா? இருந்தோமே! செவ்வாய்தோறும் கைகால் பயிற்சி தர இயன்முறை மருத்துவர் பொன்ராஜ். வியாழன்தோறும் வீடு தேடிப் போய்ப் பாடம் சொல்ல நான். ஊரிலேயே செவிலியர் ராஜேஸ்வரி. மாதம் ஒரு முறை மதுரையில் வலிப்புக்கு ஒரு டாக்டர். நால்வரும் அவளைப் பார்த்தோம். நால்வரும் அவளுக்காகப் பாடுபட்டோம். நால்வரில் ஒருவர்கூட இன்னொருவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

எங்களுக்கு நடுவே ஓடியவர் தங்கமாரி. பை நிறையச் சீட்டு, தோள் நிறையப் பிள்ளை. ஓரிடத்தில் கேட்டதை அடுத்த இடத்தில் சொல்ல வாயெடுப்பார். எங்களுக்குத்தான் கேட்க நேரம் இருக்காது. சீட்டைக் காட்டுங்கள் என்போம். காட்டினால், எங்களுக்கு வேண்டியதை மட்டும் படிப்போம்.

போன ஐப்பசியில் மதுரையில் மாத்திரையை மாற்றினார்கள். வலிப்பு குறைந்தது, டாக்டர் மகிழ்ந்தார். அதன்பின் பிள்ளைக்கு எந்நேரமும் மயக்கம், ஓயாமல் எச்சில். கழுத்து தொய்வதைப் பொன்ராஜ் கண்டார்; பயிற்சியைக் கூட்டினார். இருமலை ராஜேஸ்வரி கண்டார். மழைக்காலச் சளி என்று மருந்து கொடுத்தார். நான் என்ன கண்டேன்? கஞ்சி புகட்டும்போதெல்லாம் பிள்ளைக்குப் புரையேறக் கண்டேன். கண்டதைப் பதிவேட்டில் எழுதினேன். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மூன்று வியாழக்கிழமை எழுதினேன். யாரிடம் சொன்னேன்? ஒருவரிடமும் சொல்லவில்லை!

மூன்றாவது வியாழன் தங்கமாரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், மாத்திர மாத்துனதுல இருந்துதான் இப்புடி இருக்கா. நான் சொன்னா எடுபட மாட்டேங்குது. நீங்க டாக்டருகிட்ட ஒரு போன் போட்டுச் சொல்லுவீகளா?"

அது என் வேலை இல்லையம்மா, அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள் என்றேன்.

அடுத்த முறை வரவேயில்லை. கார்த்திகையில் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கிக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் பிரவீணா போய்விட்டாள்.

முன்வரிசையில் ஒரு தாய் கேட்கிறார், போன் போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று. தெரியவில்லை, அம்மா. சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் நால்வர் கண்டதையும் ஓரிடத்தில் வைத்திருந்தால், அந்த மாத்திரையை யாராவது சந்தேகித்திருப்போம். நிமிர்த்தி உட்காரவைத்து, கஞ்சியைக் கெட்டியாக்கி, சிறுகச் சிறுக ஊட்டச் சொல்லித் தந்திருப்போம். அந்த வாய்ப்பைக்கூட அவளுக்கு நாங்கள் கொடுக்கவில்லை.

துக்கத்துக்குப் போனேன். பந்தலில் பொன்ராஜ் இருந்தார், ராஜேஸ்வரி இருந்தார். நீங்கள் யார் என்று ஒருவரையொருவர் அங்கேதான் கேட்டுக்கொண்டோம். அழுது ஓய்ந்திருந்த தங்கமாரி எங்களைப் பார்த்தார். திட்டவில்லை. மெல்லச் சொன்னார்:

"மூணு பேரும் ஒண்ணா உக்காந்திருக்கீக. பிள்ள இருக்கயில ஒரு நாளு இப்புடி உக்காந்திருக்கலாம்ல."



ஒரு மாதம் கழித்து மூவரும் போய் மன்னிப்புக் கேட்டோம். ஆண்டிச்சாமி எழுந்து வெளியே போய்விட்டார். இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. அது அவர் நியாயம். தங்கமாரியும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இனி எந்தப் பிள்ளைக்காக ஒன்றாக உட்காரப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

அப்படித்தான் மாதத்தின் முதல் சனிக்கிழமை இந்தக் கிட்டங்கியில் கூடத் தொடங்கினோம். மதுரை டாக்டரும் போனில் கலந்துகொள்கிறார். இப்போது பதினொரு பிள்ளைகள். நடக்க முடியாதவள் ஒருத்தி; கேட்க முடியாதவன் ஒருவன்; சிறு சத்தமும் தாங்காதவன் ஒருவன். ஒவ்வொருவர் தேவையும் வேறு வேறு. முதலில் தாய் பேசுவார், பிறகுதான் நாங்கள்.

போன மாதம் ஆறு வயது மாரிச்செல்வம் சுவரில் தலையை முட்டிக்கொண்டே இருந்தான். அவனுக்கும் பேச்சு வராது. பிடிவாதம் என்றேன் நான். மருந்து போதவில்லையோ என்றார் ராஜேஸ்வரி. எப்போதெல்லாம் முட்டுகிறான் என்று அவன் தாயிடம் கேட்டவர், ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து ஓரமாக உட்கார்ந்திருக்கும் தங்கமாரி. சோறு தின்னும்போது என்று பதில் வந்தது. "அப்ப வாயத் தொறந்து பாருங்க," என்றார். பார்த்தோம். கடைவாய்ப்பல் சொத்தையாகி ஈறு வீங்கியிருந்தது. பல்லைப் பிடுங்கிய மறுவாரம் முட்டுவது நின்றது.

சொத்தைப் பல்லைக் கண்ட அன்றே அவன் தாய் தங்கமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தங்கமாரி அப்போது அழவில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அழுதார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன், ஐயா. இடம் தந்த உங்களுக்கும், இவ்வளவு நேரம் என் பிழையைப் பொறுத்துக் கேட்ட எல்லாருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. இந்தப் பேச்சுக்குக் கை தட்ட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் திரும்புங்கள். உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். இன்று அவன் எப்படி இருக்கிறான், அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்லுங்கள். கேட்பவர்கள் முழுவதும் கேளுங்கள்.

வணக்கம்.