நிறுத்தச் சொன்ன கை

அத அங்கேயே வைங்க பாஸ்டர். மேசை மேல. வெள்ளைத் துணிய எடுக்காதீங்க, ஈ உக்காரும். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இப்படி கட்டில்லயே உக்காருங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, மூச்சு வாங்குது பாருங்க. லிஃப்ட் இருக்கு, பேருக்கு இருக்கு.

இல்ல. திருவிருந்து இன்னிக்கும் வேணாம்.

கோபமா? ஆண்டவர் மேலயா? கோபப்பட்டு என்ன ஆகப்போகுது. ஒரு காலைல கண்ணு முழிச்சேன், வலது பக்கம் என்னோட எழுந்திருக்கல. கை, கால், ரெண்டும் பொணமாட்டம் கெடக்கு. வாய் மட்டும் தப்பிச்சிருச்சு. வாய எடுத்துக்கிட்டு கைய விட்டு வச்சிருந்தா வீடு நிம்மதியா இருந்திருக்கும்னு என் மக சொல்றா. சிரிச்சுக்கிட்டேதான் சொல்றா. ஆனா சொல்றா.

இடது கையா? பாத்துக்கங்க. இதான் லட்சணம், ஆடிக்கிட்டே இருக்கும். டம்ளர எடுத்தா வாய்க்கு வர்றதுக்குள்ள பாதித் தண்ணிய சட்டை குடிச்சிரும். இந்தக் கையில உங்க கிண்ணத்த வாங்கவா? கீழ கொட்டிட்டு, அத வேற நீங்க துடைச்சுக்கிட்டு. வேணாம், விடுங்க.

நீங்க ஊட்டுவீங்க. தெரியும். அதாங்க வேணாங்கறேன்.

பெருமையா? இருக்கட்டுமே. பிரசங்கத்த ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கங்க. ஆண்டவரோட நன்மைய வெறுங்கையோட வாங்கிக்கணும்னு சொல்றீங்க, சொல்றது சுலபம். உங்களுக்குக் கை இருக்கு.

பசியா? ம். கொஞ்சம் இருக்கு. காலைல மக ஊட்டிட்டு வேலைக்குப் போறா. ராத்திரி வந்து ஊட்டுவா. அவகிட்ட வாங்கிக்கலாம், நான் ஊட்டி வளத்தவ, கணக்கு சரியாப் போயிடும். மத்தியானந்தான் ஒண்ணும் கெடையாது. கஞ்சிய அந்த மூடி போட்ட பாத்திரத்துல வச்சிட்டுப் போறா. ராத்திரி வந்ததும் அப்படியே எடுத்துக் கொட்டறா. அது எனக்குத் திட்டறத விட மோசமா இருக்கு.

முன்னாடி மத்தியானத்துக்கு ஆள் இருந்தான். பருந்து. அட, உங்களுக்குத் தெரியும் பாஸ்டர். சபையில எம் பக்கத்துல உக்காருவானே, எல்லாரும் பாட்ட முடிச்சு உக்காந்தப்புறம் ஒருத்தன் மட்டும் கடைசி வரிய இழுத்துக்கிட்டிருப்பானே, அவந்தான். காது போச்சு அவனுக்கு. இரும்பு ஷெட்டுல அத்தன வருஷம் கிடந்தா அப்படித்தான்.

அவன் கிரேன் ஓட்டறவன். கூரைய ஒட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும், அதுக்குள்ள உக்காந்து மேலேருந்து கீழ பாத்துக்கிட்டே இருப்பான், அதனால பருந்து. நான் கீழ. சங்கிலி மாட்டி, கொக்கி போட்டு, கை காட்டணும். என் கைதான் அவனுக்குக் கண்ணு. அங்கேருந்து பாத்தா இரும்புத் தகடு எங்க உக்காருதுன்னு ஒண்ணும் தெரியாது. நான் இறக்குன்னா இறக்குவான். தள்ளுன்னா தள்ளுவான். முதலாளியே வந்து கத்தினாலும் என் கைய மட்டுந்தான் பாப்பான். சம்பளம் குடுக்கறது நான், அவன் ஏன் உன்னைப் பாக்கறான்னு முதலாளி ஒருநாள் கேட்டாரு. நசுங்கப் போறது நான், அதனாலன்னேன். அப்புறம் அவரு அந்தப் பக்கம் வர்றதில்ல.

சொல்றேன் இருங்க, அவசரப்படாதீங்க. அவசரம் எனக்குத்தான் வரும், நீங்க பாஸ்டர்.

ஒரு தடவ எனக்கு நல்ல காய்ச்சல். லீவு போடாம போயிட்டேன். தகடு மேல தொங்குது, நான் கீழ நின்னு இறக்குன்னு காட்டறேன். இறக்கல. மறுபடி காட்டறேன். அசையல. கீழ எல்லாரும் கத்தறாங்க. அந்தப் பெரிய தகட்ட அப்படியே தொங்க விட்டுட்டு மேல கல்லாட்டம் உக்காந்திருக்கான். வேற ஆள் வந்து என்ன வெளிய இழுத்து உக்கார வச்சப்புறந்தான் இறக்கினான். சாயங்காலம் இறங்கி வந்தான். என்னடா, கண்ணும் போச்சான்னு கேட்டேன். உன் கை ஆடுச்சுன்னான். ஆடற கைய நம்பி நான் இறக்க மாட்டேன், கீழ நிக்கறது நீன்னான். அவ்வளவுதான். டீ குடிக்கப் போயிட்டோம்.

அன்னியிலேருந்து எங்களுக்குள்ள அதான் சட்டம். ஆடற கை சிக்னல் கெடையாது. ஆனா நிறுத்துன்னு காட்டினா மட்டும் வேற. அது ஆடற கையா இருந்தாலும், யார் கையா இருந்தாலும், நிறுத்திரணும். நிறுத்தச் சொன்னவனே திரும்பக் காட்டற வரைக்கும் நகரக் கூடாது. சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும்.

எனக்கு இப்படி ஆனதும் மறுநாளே வந்தான். யாரும் கூப்பிடல. வந்தான், கஞ்சியத் திறந்தான், துண்ட எங் கழுத்துல கட்டினான். ஸ்தோத்திரம் ஆண்டவரேன்னு கண்ண மூடறான். சாப்பிடப் போறது நான், ஸ்தோத்திரம் சொல்றது இவன். அதுவும் காது கேக்காதா, மூணு மாடிக்கும் கேக்கற மாதிரி சொல்றான். ஆறிப் போவுதுடாம்பேன். கேக்காது. நிதானமா ஆமென் சொல்லிட்டுத்தான் ஸ்பூன எடுப்பான். தினமும்.

நான் அவனுக்கு என்ன செஞ்சேன்? யோசிச்சுப் பாத்துட்டேன், படுத்துக்கெடக்கறவனுக்கு வேற என்ன வேலை. கை காட்டினேன், அது என் வேலை. அதுக்குச் சம்பளம் வாங்கினேன். அவன் பொண்டாட்டி செத்தப்போ பக்கத்துல நின்னேன், ஊரே நின்னுச்சு. இவன் எதுக்குப் படியேறி வர்றான்? முட்டி வலியோட. ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல், இங்க வரைக்கும் கேக்கும்.

போன வாரம் ஒருநாள் புரையேறிடுச்சு. வாயில இருந்ததெல்லாம் வெளிய வந்துடுச்சு. துண்ட எடுக்க நேரமில்ல. அவன் டக்குனு உள்ளங்கைய நீட்டி அதுல வாங்கிக்கிட்டான். நான் துப்பினத. அப்படியே கையில வச்சுக்கிட்டு, இன்னும் இருந்தா துப்புடாங்கறான். முகம் சுளிக்கல பாஸ்டர். சுளிச்சிருந்தா எனக்குத் தேவல. ஒரு தடவ சுளிச்சிருந்தா, போடா நீயும் மனுசன்தான்னு விட்டிருப்பேன்.

என்னால தாங்க முடியல. போடான்னு கத்தினேன். அவனுக்குக் கேக்கல, அடுத்த ஸ்பூன எடுக்கறான். கத்தறது பிரயோஜனமில்லன்னு இந்த இடது கைய அவன் மூஞ்சிக்கு நேரா விரிச்சுக் காட்டிட்டேன்.

நிறுத்து.

ஸ்பூன் அப்படியே பாதியில நின்னுச்சு. என் கையப் பாத்தான். என்னைப் பாக்கல, கையத்தான் பாத்தான். ஸ்பூன வச்சான், மூடி போட்டான், கையக் கழுவினான், போயிட்டான்.

மகள அனுப்பினேன். அனுப்பாம இருப்பேனா? அவ போய் கூப்பிட்டிருக்கா. நிறுத்தினவன் காட்டட்டும்மான்னு சொல்லி அனுப்பிட்டான். ரோஷமா, வருத்தமா, இல்ல நிஜமாவே அந்தப் பழக்கந்தானா, எனக்குத் தெரியல. வருத்தந்தான் இருக்கும். இருக்காதா பின்ன?

தெரியும், தெரியும். நீங்க திருவிருந்து அப்பத்தப் பத்திப் பேச வந்தீங்க. நானும் அதைத்தான் பேசறேன். அவன் நீட்டினதத் தட்டி விட்டுட்டு, அதே மேசையில நீங்க வைக்கறத மட்டும் வாய் திறந்து வாங்கணுமா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு? தொண்டையில இறங்குமா சொல்லுங்க.

மணி என்ன ஆச்சு? சுவத்துல பாருங்க, எனக்கு அந்தப் பக்கம் திரும்ப வராது. பன்னெண்டரையா? அப்ப வந்திருப்பான்.

கீழதான். ஜன்னல எட்டிப் பாருங்க. எதிர்க்க விளக்குக் கம்பம் இருக்கா? அதுல சாஞ்சுக்கிட்டு ஒரு கிழம், நீலச் சட்டை, இங்கயே பாத்துக்கிட்டு. இருக்கானா? ம். தினமும் இதே நேரம் வந்து நிக்கறான். வெயில்ல நிக்கறான், மடையன். என் கஞ்சி ஆறிப் போற வரைக்கும் நின்னுட்டுப் போறான்.

கூப்பிடாதீங்க, எங்க கேக்கப் போவுது. நேத்து நான் இந்த இடது கைய ஜன்னல்ல தூக்கி வான்னு காட்டினேன். பாத்தான். நல்லாப் பாத்தான். தலைய ஆட்டினான், மாட்டேன்னு. இந்தக் கைதான் ஆடுதே.

ஒண்ணு பண்ணுங்க பாஸ்டர். கேக்கவே வாய் கூசுது. இந்தச் செத்த கைய எடுத்து ஜன்னலுக்கு நேரா நிறுத்துங்க. இல்ல, மணிக்கட்ட மட்டும் புடிச்சா தொங்கிரும். முழங்கைக்கு அடியில உங்க தோளக் குடுங்க. ஆங். ஆள்காட்டி விரல மட்டும் நீட்டி விடுங்க, மத்தத மடக்குங்க. விரல் மேல பாக்கணும். இப்ப சின்னதா வட்டம் போடுங்க. சின்னதா! மாவாட்டறீங்களா? அதான் ஏத்துன்னு அர்த்தம். ஏறி வாடான்னு.

ஆடாம புடிங்க. உங்க கை ஆடுது.

பாக்கறானா? நகர்றானா? எனக்குத் தெரியல, கண்ணுல தண்ணி மறைக்குது. ஐயோ, துடைக்க வேணாம், கைய விட்றாதீங்க. அப்படியே இருங்க. அத அவன் வந்து துடைக்கட்டும்.