மணிமங்கலத்துக்கு எதிரி வேண்டும்

ஒரகடத்து வெயிலுக்கு அஞ்சாமல் திரண்டிருக்கும் இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் நிறுவனத்தின் உரிமையாளர், பெருமதிப்பிற்குரிய கோதண்டராமன் ஐயா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பிள்ளைப்பாக்கத்துப் பெரியோர்களே! காலை ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் காத்திருக்கும் தாய்மார்களே! சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாய் ஒடுங்கி வந்திறங்கிய தோழர்களே! சட்டைப்பையில் பகடையோடு வந்திருக்கும் சென்னை விளையாட்டு நண்பர்களே! மூன்றாம் கொட்டகையின் தரச் சோதனை மேசையில் பதினொரு ஆண்டுகளாய்க் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கும் இந்த இசைவாணியின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும் உரித்தாகுக.

சுருக்கமாகப் பேசச் சொல்லி ஐயா சீட்டு அனுப்பியிருக்கிறார். சீட்டு வந்து சேர்ந்தது, ஐயா. பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன்.

இந்த மூன்றாம் கொட்டகையில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? காரின் கதவுக்குள் ஒளிந்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப். யார் கண்ணிலும் படாத கிளிப், ஆனால் அது இல்லாவிட்டால் கதவு கடகடவென்று ஆடும். போன ஆண்டு அந்தக் கார் மாடலையே நிறுத்திவிட்டார்கள். இயந்திரங்கள் நின்றன. நாற்பது பேர் கை கட்டி நின்றோம். மாற்றுப் பொருள் ஒன்று கண்டுபிடியுங்கள், இல்லையென்றால் பொங்கலோடு கொட்டகைக்குப் பூட்டு என்றார் ஐயா. சொன்னதோடு விட்டாரா? புதுப் பூட்டு ஒன்றை வாங்கி, செக்யூரிட்டி மேசையில், போகிற வருகிறவர் கண்ணில் படும்படி வைத்தும்விட்டார்.

அப்போது விற்பனைப் பிரிவு ராஜசேகர் ஒரு சேதி கொண்டுவந்தார். மேசைமேல் விரல் உயரப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு உலகெங்கும் இருக்கிறதாம். ஆடுகிறவர்கள் பிளாஸ்டிக் வீரர்களைத் துண்டு துண்டாய் வாங்கி, தாங்களே ஒட்டி, தாங்களே வண்ணம் தீட்டுவார்களாம். எங்கள் இயந்திரத்தால் முடியுமா? முடியும். எங்கள் கைகளால் முடியுமா? முடியும். ஆனால் எந்தக் காலம்? எந்தப் படை?

கேன்டீனில் கூடினோம். ராஜசேகர் ரோமாபுரி என்றார், நெப்போலியன் என்றார். அவற்றை ஏற்கெனவே ஊர்ப்பட்ட பேர் செய்கிறார்களே, கூட்டத்தில் கடைசி ஆளாய் நாம் எதற்கு என்றேன் நான். உடனே சோழன் என்று நாலு பக்கமும் குரல். கைதட்டுகிறீர்கள், தட்டுங்கள், அன்று நானும் தட்டினேன். ஆனால் சோழனைச் செய்தால் ஆடுகிறவர்கள் கப்பல் கேட்பார்கள். கப்பலுக்கான அச்சு எங்கள் சின்ன இயந்திரத்தில் ஏறுமா? ஏறாது.

அப்போது எழுந்தார், டூல் ரூமில் அச்சு வெட்டும் அண்ணன் கன்னியப்பன். மணிமங்கலத்துக்காரர். “இன்னா சார், ரோமு ரோமுன்னுகினு? பல்லவனும் சாளுக்கியனும் எங்க ஊர்லயே மோதிகினாங்க. செப்பேட்லயே எங்க ஊரு பேரு கீது” என்றார். எங்கள் கம்பெனி பஸ் தினமும் திரும்பும் மணிமங்கலத்திலா? ஆமாம், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முன், அங்கேதான் சாளுக்கியனைப் பல்லவன் தோற்கடித்தான்!

பல்லவப் படையைப் பார்த்துப் பார்த்து வெட்டினார் அண்ணன். வேல் தாங்கியவன், வில் வளைத்தவன், வாள் சுழற்றியவன், முகத்துக்கு முகம் வேறு, மீசைக்கு மீசை வேறு. பெட்டி நிறைந்தது. பிறகுதான் உறைத்தது, எதிரி எங்கே? சாளுக்கியனுக்கு அச்சு வெட்ட மாட்டேன் என்றுவிட்டார் அண்ணன். தன் ஊரை மிதிக்க வந்தவனுக்குத் தன் கையால் முகம் செதுக்குவதா என்பது அவர் வழக்கு.

அப்போது ஓர் அறிவாளி ஒரு யோசனை சொன்னாள். கிளிப்பில் என்ன செய்தோம்? ஒரே அச்சு. கறுப்பைப் போட்டால் ஒரு மாடல், சாம்பலைப் போட்டால் இன்னொரு மாடல். அதேபோல், சிவப்பைப் போட்டால் பல்லவன், நீலத்தைப் போட்டால் சாளுக்கியன். யார் அந்த அறிவாளி? உங்கள் முன் மாலையும் கழுத்துமாய் நிற்கிறாளே, இவள்தான். சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் தலையாட்டினார்கள்.

மாதிரிப் பெட்டிகள் சென்னை விளையாட்டுக் குழுவுக்குப் போயின. அதன் தலைவி சுபஸ்ரீ, இதோ மேடையிலேயே இருக்கிறார், தொலைபேசியில் அழைத்தார். “மேடம், பெயிண்ட் அடிச்சதும் ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. இந்தப் படை தன்னோட தானே சண்டை போடுது” என்றார். எதிரியில்லாத படையை எவர் வாங்குவார்? பொங்கலுக்கு ஏழு வாரம். பூட்டு மேசைமேல் பளபளத்தது.

மறுநாள் டூல் ரூம் வாசலில் போய் நின்றாள் எங்கள் ஆபரேட்டர் செல்லக்கனி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, இந்த வேலையை நம்பி வாடகைக்கு வீடெடுத்தவள். அழவில்லை, கெஞ்சவில்லை. “அண்ணே, தோத்துருவோம்னு தெரிஞ்சா அவன் கெளம்பி வந்தான்? ஜெயிச்சிருவோம்னு வந்தவன செய்யுங்க, அண்ணே” என்றாள்.

அண்ணன் அன்று மாலையே என்னிடம் சாளுக்கியர் தலைநகரான வாதாபியின் குகைச் சிற்பங்களின் படம் கேட்டார். மது ஊட்டிய யானைகளோடு போருக்குப் போன படை அது என்று சீன யாத்திரிகர் ஒருவர் எழுதிவைத்திருப்பதைப் படித்துக் காட்டினேன். அவ்வளவுதான், அந்த யானை அவரைப் பிடித்துக்கொண்டது! தூக்கிய தும்பிக்கை அச்சிலிருந்து கழலாமல் மூன்று முறை ஒடிந்தது. மூன்று முறையும் அச்சைத் திருத்தினார். நம் பல்லவப் படைக்குக்கூட அவ்வளவு பாடுபடவில்லை அவர். அந்த யானை என் சோதனை மேசைக்கு வந்தபோது, என் தொழிலில் முதல் முறையாக, குறை தேட மறந்துபோனேன்.

தோழர்களே, பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். புது மாதிரிகளைப் பார்த்துச் சென்னை கேட்டது. பெங்களூரு கேட்டது. ஹூப்ளியிலிருந்து ஒருவர் எங்கள் சாளுக்கியனை இவ்வளவு கம்பீரமாகச் செய்த தமிழர் யார் என்று கேட்டு எழுதினார். அந்தக் கடிதத்தை அண்ணன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார், மறைக்காதீர்கள் அண்ணே, வெளியே தெரிகிறது. பல்லவனைக் கேட்டவர் சாளுக்கியனையும் கேட்கிறார், சாளுக்கியனைக் கேட்டவர் பல்லவனையும் கேட்கிறார். நின்ற இயந்திரங்கள் ஓடுகின்றன, நாற்பது பேரும் இருக்கிறோம்! அன்று நம்மை வெல்ல வந்தவன், இன்று நம்மைக் காக்க வந்தான். அவனுக்கும் ஒரு கைதட்டல் கொடுங்கள். இன்னும் பலமாக, மணிமங்கலம்வரை கேட்கட்டும்!

துணை நின்ற உங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. இப்போது கொடியசைத்து அனுப்பவேண்டியதுதான் பாக்கி. இரண்டு படைகளும் ஏறிய முதல் லாரி வாசலில் நிற்கிறது. அதன் பின்கதவைச் சாத்தியாகிவிட்டது, பூட்டத்தான் பூட்டில்லை என்கிறார் டிரைவர். கோதண்டராமன் ஐயா அவர்களே, செக்யூரிட்டி மேசையில் ஒரு புதுப் பூட்டு சும்மாதான் கிடக்கிறது. தங்கள் கையாலேயே எடுத்து வந்து அந்த லாரியைப் பூட்டித்தருமாறு, மூன்றாம் கொட்டகையின் நாற்பது பேர் சார்பில் வேண்டி அமர்கிறேன். வணக்கம்.