கம்மாக்கரையில் சூடேறிய வண்டி

ராத்திரி பத்தரை இருக்கும். சுந்தரபாண்டியத்துலேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வார ரோடு. ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு. தோப்பு முடிஞ்சா கம்மாக்கரை. அங்கேர்ந்து மெயின் ரோடு வர்ற வரைக்கும் ஒரு லைட்டு கெடையாது...

நம்ம மில்லுல பாண்டிதுரை இருக்கான்ல, அவன் அக்கா ஜெயசித்ராவுக்கு நடந்தது இது. நாளைக்கு அவங்கிட்ட கேட்டுறாதீங்க. எந்திரிச்சுப் போயிருவான். செத்த கிட்ட வந்து உக்காருங்க... சத்தமாச் சொல்ற விசயமில்ல.

அன்னைக்கு வண்டிய ஓட்டுனது அந்த அக்காதான். புருசன் வீரணன் பின்சீட்டுல சுருண்டு கெடக்காரு. சொந்தக்காரங்க விசேசத்துக்குப் போன எடத்துல, கை கழுவிட்டு வரும்போதே விலாவுல வலி. கல்லடைப்பு மாதிரி. நிக்க முடியல, படுக்க முடியல. வியர்த்து ஊத்துது. ஆம்புலன்சு வர நேரமாகும்னு சொல்லிட்டாங்க. சரி, நம்ம வண்டிதான் இருக்கேன்னு அக்கா கெளம்பிருச்சு. வீரணன் ராஜபாளையத்துல டாக்சி ஓட்டுறவரு. பொண்டாட்டிக்கும் அவருதான் ஓட்டக் கத்துக்குடுத்தது.

தோப்பத் தாண்டயில ஒரு வாசனை... வெல்லப்பாகு அடிப்புடிச்ச மாதிரி. இனிப்பா, நெஞ்சக் கரிக்கிற மாதிரி. என்னடான்னு பாத்தா, டேஷ்போர்டுல சூடு காட்டுற முள்ளு செவப்புல போயி நிக்குது. பானட் ஓரமெல்லாம் ஆவி.

கம்மாக்கரையில ஓரங்கட்டி எஞ்சின அமத்துச்சு. வார்னிங் லைட்டு மட்டும் போட்டுச்சு. டிக்... டிக்... மஞ்சளா எரியும், அணையும். வீரணன் இருட்டுல பயப்படக் கூடாதுன்னு உள் லைட்டயும் போட்டு விட்டுச்சு. போன்ல ஒரு கோடு சிக்னல். போட்டா கட்டாகுது, போட்டா கட்டாகுது.

பானட்டத் தூக்கிக் கம்பி குடுத்து நிறுத்துச்சு. மூஞ்சில அனல் அடிக்குது. எஞ்சினக் குளுர வைக்கிற கூலண்ட், டப்பாவுல அடிவரைக்கும் எறங்கிக் கெடக்கு. மிச்சம் இருக்கது உள்ள கொதகொதன்னு கொதிக்குது. டிக்கியில அரை கேன் கூலண்ட் இருந்துச்சு, எடுத்து வச்சாச்சு. ஆனா ஊத்த முடியாது. வீரணன் அம்புட்டு தடவை சொல்லிக் குடுத்துருக்காரு... எஞ்சினுக்குத் தண்ணி போற ரப்பர் ஹோச அமுக்கிப் பாரு, கை தாங்குனா மூடியத் தொடு. தாங்கலன்னா தொடாத. சூட்டோட தொறந்தா பீச்சியடிச்சு மூஞ்சி வெந்துரும்.

ஹோச அமுக்குச்சு. சுட்டுச்சு. கல்லு மாதிரி விறைச்சு நிக்குது.

உள்ள வீரணன் முனகுற சத்தம். இங்க கம்மாயில தவளைச் சத்தம். அப்படியே நிக்கு...

திடீர்னு தவளைச் சத்தம் நின்னு போச்சு.

"தொறந்து ஊத்திரு சித்ரா."

பக்கத்துல வீரணன் நிக்காரு. கதவு தொறந்த சத்தமே கேக்கல. அந்த நேரம் அது தோணல இந்த அக்காவுக்கு.

"நீங்க எதுக்கு எந்திரிச்சு வாரீங்க? போய்ப் படுங்க. இன்னும் ஆறல."

"ஆறிருச்சு. தொற."

குரல்ல வலியே இல்ல. சாதாரணமா, சோறு போடுன்னு சொல்ற மாதிரி. புருசனே சொல்றாரேன்னு துண்ட மடிச்சு மூடி மேல வச்சுருச்சு. துண்டு வழியாவே சூடு ஏறுது. லேசாத் திருகுனதும்... ஸ்ஸ்ஸ்னு உள்ளேர்ந்து ஒரு சீறல். சட்டுன்னு இறுக்கி மூடிட்டுக் கைய எடுத்துருச்சு.

தொடாதன்னு சொல்லிக்குடுத்த மனுசனா இப்பத் தொறன்னு சொல்றாரு?

பானட்டு தூக்கியிருக்கதால வண்டிக்குள்ள தெரியாது. ஆனா பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும்ல... ஹோசப் பாக்குற மாதிரிக் குனிஞ்சு, அது வழியாப் பாத்துச்சு.

உள் லைட்டு எரியுது. பின்சீட்டுல வீரணன் முழங்கால மடக்கிக்கிட்டு, வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கெடக்காரு.

அக்கா கத்தல. கண்டுபுடிச்சுட்டோம்னு பக்கத்துல நிக்குற இதுக்குத் தெரியக்கூடாதுன்னு மட்டுந்தான் தோணுச்சாம். ஓடவும் முடியாது. உள்ள கெடக்கவரை யாரு பாக்குறது? மெதுவா நிமுந்து, "சரிங்க... செத்த நேரம் போகட்டும்"னு சொல்லிருச்சு.

அது போகல.

டிக்... மஞ்ச வெளிச்சத்துல அதே கட்டம் போட்ட சட்டை, அதே மீசை. டிக்... இருட்டு. அடுத்த வெளிச்சத்துல இன்னும் கொஞ்சம் குனிஞ்சிருக்கு. அதுக்கடுத்த வெளிச்சத்துல ஆவிக்குள்ளயே மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கு. அந்தச் சூட்டுல கண்ணக்கூடச் சிமிட்டல.

பொறவு அழ ஆரம்பிச்சது. "சித்ரா... வலி தாங்கல. நாஞ் செத்துருவேன். தொற."

இப்ப அதே குரல் வண்டிக்குள்ளேர்ந்தும் வருது. "சித்ரா... சித்ரா..." எது புருசன், எது இதுன்னு தெரியல. அக்கா பல்லக் கடிச்சுக்கிட்டு, கண்ண ஹோச விட்டு எடுக்காம நின்னுச்சு. அமுக்கிப் பாக்கும், சுடும். விடும். மறுபடி அமுக்கும். கன்னத்துக்குப் பக்கத்துல மூச்சு படுதாம். அது சூடா இல்ல. கம்மாத்தண்ணி மாதிரி சில்லுன்னு இருந்துச்சாம்.

எம்புட்டு நேரம் நின்னுச்சுன்னு அக்காவுக்கே தெரியாது. கடைசில ஹோசு கைக்குத் தாங்குச்சு. விறைப்பும் போயிருச்சு. மூஞ்சியத் தள்ளி வச்சுக்கிட்டு, துண்டப் போட்டு மூடியக் கால்வாசி திருகுச்சு. புஸ்னு லேசாக் காத்து. நிறுத்துச்சு. காத்து அடங்குன பொறவு முழுசாத் தொறந்து, கேன்ல இருந்த கூலண்ட கொஞ்சங் கொஞ்சமா ஊத்துச்சு. டப்பாவுல ரெண்டு கோடு இருக்குமே, அதுக்கு நடுவுல வந்ததும் மூடிய இறுக்கி, பானட்ட எறக்குச்சு.

பக்கத்துல ஒருத்தரும் இல்ல. கம்மாயில தவளை மறுபடியும் கத்துது.

உள்ள ஏறி நாலு கதவையும் லாக் பண்ணுச்சு. பின்னாடி தலைமாடு தெரியுது, வீரணன் மூச்சு விடுற சத்தம் கேக்குது. அது போதும்னு உள் லைட்ட அமத்துச்சு. பின்னாடி பாக்குற கண்ணாடிய மேல பாத்துத் திருப்பி விட்டுருச்சு. பின்னாடி ரோட்டுல எது நிக்குன்னு பாக்கத் தைரியம் இல்ல. வண்டிய எடுத்துச்சு. முள்ளப் பாத்துக்கிட்டே, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் திரும்பவே இல்ல.

ஊசி போட்டாங்க, ட்ரிப்ஸ் ஏத்துனாங்க. கல்லுதான், பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. விடியயில வீரணன் கண்ணத் தொறந்தாரு. அக்கா கட்டில் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்துருந்துச்சு. அக்கா கையப் புடிச்சுக்கிட்டு, ரொம்ப வாஞ்சையாக் கேட்டாராம்...

"கம்மாக்கரையிலேர்ந்து இங்க வார வரைக்கும் எந்தலைய ஒம் மடியில வச்சு, நெத்திய நீவி விட்டுக்கிட்டே வந்தியே சித்ரா... வண்டிய யாரு ஓட்டுனது?"