ஒயர் இல்லாத பேனா

நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. இது நம் தாவீதின் சித்தி ரத்தினபாய்க்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

தொண்ணூற்றிரண்டு, கார்த்திகை மாதம். சாயங்காலம் ஆறு மணி. செம்பாக்கம் ஏரிக்கரை ரோடு… மழைக்கு ஒரு நாய்கூட இல்லை. அங்கே ஒரு நரம்பு டாக்டர் கிளினிக்கில் மூளை அலையை எழுதும் மெஷின் ரத்தினபாயின் பொறுப்பு. அதில் எட்டு மைப் பேனா. அன்றைக்கு ஆறு பேனாவுக்குத்தான் ஒயர் இருந்தது. மற்ற இரண்டும் சும்மா நேர்கோடு போடும்.

பொன்னுசாமி தன் மருமகன் துரையைக் கூட்டி வந்திருந்தார். கூடவே மகள் சரசு, துரைக்கு இரண்டாம் தாரம். முதல் பெண்டாட்டி இதே ஏரியில் மிதந்த அன்று கரையில் நின்று வேர்க்கடலை தின்றவன் துரை. அது தெரிந்ததும் சரசு பயந்துபோய் அப்பன் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். அவன் மூளை சரியில்லை என்றால் அவள் அங்கேயே இருக்கலாம். சரியாக இருந்தால் அவனோடு திரும்பிப் போக வேண்டும். அதுதான் பேச்சு.

துரையின் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினாள் ரத்தினபாய். கண்ணை மூடிக்கொண்டான். டாக்டர் எங்கேயோ படித்ததை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். நாற்காலி… சர்ர்ர். பிணம்… அதே சர்ர்ர். குழந்தை அழுகை… அதே கோடு. யாராக இருந்தாலும் கோடு கொஞ்சமாவது மாறும். இவனுக்கு மாறவே இல்லை.

"ஏரி" என்றார்.

சறக்… ஏழாவது பேனா துள்ளியது. ஒயரே இல்லாத பேனா. அறை முழுக்கப் பாசி நாற்றம்.

"மெஷின் கோளாறும்மா, விடு" என்றார் டாக்டர். "மனசு அசையலைன்னு நான் வியாதி எழுத முடியாது. வலிப்பு இல்லை. நார்மல்."

பொன்னுசாமிக்கு வாயெல்லாம் பல். "நார்மலாம். வண்டில ஏறும்மா."

ரத்தினபாய் கையில் ஒட்டிய பசையைக்கூடத் துடைக்கவில்லை. வாசல்வரை ஓடினாள். "ஐயா, வலிப்பு இல்லைன்னுதான் எழுதிக்கீது. இன்னிக்கி ஒரு நாளு பொண்ண உங்க வூட்லயே வெச்சுக்கோங்க."

"பட்ச்ச டாக்டரே சொல்லிட்டாரு. நீ இன்னாம்மா குறுக்க?"

சரசு துரையின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாள். "நீயாச்சும் வேற மாதிரி எழுதிக் குடுத்திருக்கலாமே அக்கா" என்றாள். வண்டி ஏரியோரமாகப் போனது.

பின்னாலேயே பொன்னுசாமியும் டாக்டரும் கிளம்பிவிட்டார்கள். ரத்தினபாய் உள்ளே வந்தால்… ஏழாவது பேனா ஆடிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். நிற்கவில்லை. நின்றுபோன பேப்பரில் கிறீச் கிறீச் என்று ஒரே இடத்தைக் கிழித்தது. போலீசுக்குப் போன் போடலாம்… என்னவென்று சொல்வாள்? பேனா ஆடுகிறது என்றா? பாவம், தரையில் உட்கார்ந்து அழுதாள். அவளால் வேறு என்ன முடியும்?

ஏழேகால் மணிக்கு, எட்டாவது பேனாவும் ஆட ஆரம்பித்தது.