மூணாம் பாலத்து உப்பு

அந்தக் காலத்துல, நம்ம முள்ளிக்கரைக்கு மண்ரோடு போட்டு ஒத்தை பஸ்ஸு வந்துபோன காலத்துல, வெள்ளைக்கண்ணுன்னு ஒருத்தர் இருந்தாராம். அவர் பொண்டாட்டி பேரு ராக்கு. எங்க தாத்தாவுக்குக் கூடப்பொறந்தவ. கதை என்னமோ ராக்கு கதைதான். ஆனா ஊரு அவர் பேரத்தான் முதல்ல சொல்லும். ஊரு அப்பிடித்தான், விடுங்க.

வெள்ளைக்கண்ணு டெல்லி சர்க்காரோட ரிசர்வ் போலீசுல இருந்தாரு. "பட்டாளமாய்யா?"ன்னு கேட்டா, "பட்டாளம் எல்லையில நிக்கும். நாங்க நாட்டுக்குள்ள நிப்போம்"பாராம். ஓட்டுப் பெட்டியக் காக்கணும்னா அங்க நிக்கணும். ரெண்டு தெரு அருவாளத் தூக்கிட்டா நடுவுல போயி நிக்கணும். ஏதோ ஒரு மலங்காட்டுல ரோட்டுக்கடியில குண்டு பொதச்சு வைக்கிறாகன்னா, விடியக்கால லாரிக்கு முன்னால நடந்து ரோட்டப் பாத்துக் குடுக்கணும். உள்ளூர் போலீசால ஆகலேன்னா இவுகளத்தான் அனுப்புவாக. பதினாலு வருசம் நின்னாரு, நடந்தாரு. ஒருநா தகரப்பொட்டியத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்துட்டாரு.

ஆளு வந்தாரு. ஆனா என்ன வந்துச்சு? கூப்பிட்டா வருவாரு, குடுத்தா திம்பாரு. பெத்த ஆத்தா செத்தப்ப பாடைக்குப் பக்கத்துல வெறைச்சு நின்னாரு, சொட்டுக் கண்ணீர் இல்ல. ராக்கு சோதிச்சுப் பாத்திருக்கா. ஒருநா உப்பே போடாம கஞ்சி ஊத்துனா. குடிச்சாரு. மறுநா உப்ப அள்ளிக் கொட்டி ஊத்துனா. அதையும் குடிச்சாரு.

"எப்பிடிங்க இருக்கு?"

"இருக்கு."

அன்னிக்கு அடுப்படியில உக்காந்து அழுதாளாம். பதினாலு வருசம் இந்த மனுசனுக்காகக் காத்துக் கெடந்தவ இல்லையா, அழமாட்டாளா?

ஒரு வேலை மட்டும் அவர் விடல. விடியுமுன்ன எந்திரிப்பாரு. ஆறு மணி பஸ்ஸுக்கு முன்னால, ஊருல இருந்து மெயின்ரோடு வரைக்கும் நடப்பாரு. வழியில அஞ்சு வாய்க்காப் பாலம். ஒவ்வொரு பாலத்துக்கும் கீழ எறங்கி, குனிஞ்சு பாத்து, மேல வந்து கையத் தூக்குவாரு. பஸ்ஸு அவர் பின்னாலயே பாலத்தத் தாண்டி உருளும். டிரைவர் அடைக்கலம் வைவான், ஆரன் அடிப்பான். "யோவ், இங்க யாருய்யா குண்டு வைக்கப் போறா? வெங்காயம் ஏத்திட்டுப் போறேன்யா!" இவர் திரும்பிப் பாக்கமாட்டாரு. நடப்பாரு, குனிவாரு, கையத் தூக்குவாரு. நாலு வருசம் இதே கூத்துத்தான்.

அப்ப ஒரு ஐப்பசி மாசம். அவருக்குக் காய்ச்சல். எந்திரிச்சாரு, விழுந்தாரு. மறுபடி எந்திரிச்சாரு, விழுந்தாரு. ஒடம்பெல்லாம் வெடவெடன்னு ஆடுது, கண்ணு வாசலயே பாக்குது.

"படுங்க. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்"ன்னா ராக்கு.

போனா. மொதப் பாலத்துல குனிஞ்சா, பாத்தா. ரெண்டாம் பாலத்துல குனிஞ்சா, பாத்தா. மூணாம் பாலத்துல இடுப்பளவு தண்ணி, மேல கருவேலமுள்ளு. பின்னால அடைக்கலம் ஆரன் அடிக்கிறான். ஒரு நிமிசம் நின்னா. 'என்னத்த இருக்கப் போகுது'ன்னு கையத் தூக்கிட்டா. பஸ்ஸு அவ பின்னாலயே பாலத்தத் தாண்டுச்சு. மிச்சம் ரெண்டையும் பாத்துட்டு வீட்டுக்கு வந்தா.

"மூணாவதுல குனிஞ்சியா?"ன்னாராம் அவர். மத்ததக் கேக்கல. மூணாவத மட்டும் கேட்டாரு.

குனிஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய்யி வரல.

"இல்லங்க. தண்ணி கெடந்துச்சு. கையக் காட்டிட்டேன்."

அவர் மொகம் செவராட்டம் ஆயிருச்சாம். செவுத்தப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"அந்த மலங்காட்டுல நானும் அப்பிடித்தான் காட்டுனேன். பதினோரு மாசம் தெனமும் குனிஞ்சேன், ஒண்ணுமே இல்ல. அன்னிக்கு மழை. மூணாம் பாலத்துல தண்ணி. குனியல. கையத் தூக்குனேன். லாரி வந்துச்சு. ஒம்போது பேரு ராக்கு. ஒம்போது பேரும் என் கையப் பாத்துத்தான் வந்தாக."

அழல. ரேசன்கடையில எத்தன பேரு நிக்கிறாகன்னு சொல்ற கணக்காச் சொன்னாரு. சொல்லிட்டு, "பஸ்ஸு ஒம்போது மணிக்குத் திரும்பும்"ன்னாரு.

நம்ம ஊரு வாய்க்கால்ல குண்டு இருக்காதுன்னு ராக்குக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனா இன்னைக்குக் குனியாம விட்டா இந்த மனுசன் இனி நமக்கு இல்லன்னும் தெரிஞ்சுபோச்சு. ஓடுனா. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு ரெண்டு மைலு ஓடுனா. அங்கிட்டு இருந்து பஸ்ஸு வருது. மூணாம் பாலத்து மேல நடு ரோட்டுல நின்னு ரெண்டு கையையும் விரிச்சா.

"என்னத்தா, புருசன் கிறுக்கு உனக்கும் ஒட்டிக்கிருச்சா?"ன்னான் அடைக்கலம்.

"நிறுத்துடா! நான் பாத்துட்டுச் சொல்ற வரைக்கும் ஒரு சக்கரம் உருளக்கூடாது!"

தண்ணிக்குள்ள எறங்குனா. முள்ளு கன்னத்தக் கிழிச்சுச்சு. கழுத்து வரைக்கும் குனிஞ்சு, இருட்டுக்குள்ள கையவிட்டுத் தடவுனா. ஒரு ஒடஞ்ச சட்டி, கொஞ்சம் சேறு. அம்புட்டுத்தான். மேல வந்து கையத் தூக்குனா. பஸ்ஸுல ஒருத்தரும் சிரிக்கலையாம்.

ஈரச்சேலையோட வீட்டுக்கு வந்தா.

"குனிஞ்சு பாத்துட்டேங்க. ஒண்ணுமில்ல."

அவ கன்னத்து ரெத்தத்தையும் சேறு அப்புன கையையும் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. அவ காலையில அவசரத்துல வச்சுட்டுப்போன கஞ்சி பக்கத்துல ஆறிக் கெடந்துச்சு. எடுத்து ஒரு மொடக்குக் குடிச்சாரு. கீழ வச்சாரு.

"இதுல உப்பு இல்லையே ராக்கு"ன்னாரு.

அவ்வளவுதான். ராக்கு வாசப்படியிலயே உக்காந்து, தெருவே கூடிப்போற மாதிரி ஓன்னு அழுதாளாம். ஆரோ செத்துட்டாகன்னு நெனச்சு ஓடியாந்திருக்காக.

அப்பறம் அவரும் போனாரு, ராக்கும் போனா. ரோடும் தார்ரோடு ஆயிருச்சு. ஆனா இன்னைக்கும் நம்ம ஊரு மொதப் பஸ்ஸு மூணாம் பாலத்துல நிக்கும். பஸ்ஸுல இருக்குற வயசான பொம்பள எறங்கி, குனிஞ்சு பாத்துட்டு, "பாத்தாச்சு, ஒண்ணுமில்ல"ன்னு சத்தம் குடுப்பா. பாலத்துக் கட்டச்செவுத்துல ஒரு கை உப்பு வச்சுட்டு ஏறுவா. அதுக்கப்பறந்தான் வண்டி கெளம்பும். அசலூரு ஆளுக எந்தச் சாமிக்கு இந்த உப்புன்னு கேப்பாக. சாமியெல்லாம் இல்லப்பா, அங்க ஒரு பொம்பள குனிஞ்சு பாத்தா.