ஆயம்மாளின் நார்மல் சீட்டு

"ஹலோ... மேடம், நான் சுபஸ்ரீ, கள்ளக்குறிச்சி ஆபீஸ்லருந்து... எனக்கு நம்ம லிஸ்ட்டுல அந்த ஏழாவது கட்டம் வேணும் மேடம்... ஆமா, ஆன்டிபாடி ரிசல்ட்டுதான்... ஆமா, ஆமா. அதை மட்டும் கேக்கவே கூடாதுன்னு சேர்ந்த அன்னிக்கே சொன்னீங்க. ஞாபகம் இருக்கு. ஞாபகம் இருந்துதான் கேக்கறேன்."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில், ரத்தக் குழாய்கள் வைக்கும் ஃப்ரிட்ஜ் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்றாள் சுபஸ்ரீ. கல்வராயன் மலையில் நூற்றுப்பன்னிரண்டு பெண்களின் கையைப் பிடித்து ரத்தம் எடுத்தவள் அவள். மறுமுனையில், சென்னையில், அந்த ரத்தத்தை வைத்துத் தைராய்டு ஆராய்ச்சி நடத்தும் டாக்டர் நிர்மலா. மேடம் பேசினால் எழுந்து நின்று கேட்பது அவளுடைய வழக்கம். இன்றைக்கும் நின்றுகொண்டுதான் பேசினாள். காரணம் மட்டும் வேறு.

"எல்லாருது வேணாம் மேடம். ஒரே ஒரு ஆளு. நம்பர் நாப்பத்தி ஏழு... பேரா? பேரு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே... சரி, சொல்றேன். ஆயம்மாள். வெள்ளிமலைக்கு அந்தாண்ட. வேடியப்பனோட பொண்டாட்டி. மூணு மாசம், முழுவாம இருக்கா...

"இல்ல மேடம், அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னது நாம. எட்டு மாசம் முன்னாடி எல்லாருக்கும் சீட்டு குடுத்தோமே, 'தைராய்டு நார்மல்'னு... ஆமா, ஹார்மோன் நார்மல்தான். நான் இல்லங்கலையே! ஆனா அதே ரத்தத்துல ஆன்டிபாடியும் பாத்தோம்ல? அது சீட்டுல இருக்கா?... இல்லல்ல?

"இருங்க, சொல்லி முடிச்சிடறேன். போன வாரம் செக்கப்புக்குப் போயிருக்கா. நர்ஸக்கா தைராய்டுக்கு ரத்தம் எடுக்கணும்னிருக்காங்க. இவ சீட்டை எடுத்து நீட்டியிருக்கா, நான் ஏற்கெனவே பாத்துட்டேன்னு. அவங்களும் 'நார்மல்'னு நோட்டுல ஏத்திட்டு அனுப்பிட்டாங்க... அவங்கள ஏன் மேடம் சொல்றீங்க? சீல் வெச்ச சீட்டு. அதுல உங்க கையெழுத்து. எட்டு மாசம் பழசுன்னு அவங்களுக்கு எப்டித் தெரியும்? நாமதான் தேதியே போடலையே!

"லேமினேட் வேற போட்டு வெச்சிருக்கா... சிரிக்காதீங்க மேடம். அவ மட்டும் இல்ல. பாதிப் பேருக்கு மேல ஜெராக்ஸ் கடையில நின்னு போட்டுனு வந்து, ரேஷன் கார்டோட சேத்து வெச்சிருக்காங்க... யாரு சொல்லிக் குடுத்ததா?"

அவள் குரல் ஒரு படி இறங்கியது.

"நான்தான். மழையில நனஞ்சிடும், பத்திரமா வெச்சுக்கங்க, யாரு கேட்டாலும் இதைக் காட்டுங்கன்னு... என் வாயாலதான் சொன்னேன்."

மேடம் நீளமாகப் பேசினார். சுபஸ்ரீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கீழே சின்னசேலம் பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே திரும்பியது.

"ம்... ம்... தெரியும் மேடம். ஆன்டிபாடி இருக்கிற நெறைய பேருக்கு கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆவாது. தெரியும்... மாத்திரை குடுங்கன்னு நான் கேக்கலையே... மேடம், தமிழ்லயே சொல்லுங்க. இங்கிலீஷ் புரியாம இல்ல. எங்க வூட்டுல மொதல்ல டிகிரி வாங்கினவ நான், இங்கிலீஷ்லதான் எழுதி வாங்கினேன். நீங்க எப்பெப்ப இங்கிலீஷுக்குப் போறீங்கன்னுதான் பாத்துக்கினு இருக்கேன்.

"ட்ரெயினிங்ல நீங்கதானே சொன்னீங்க? ஆன்டிபாடி தைராய்டை உள்ளுக்குள்ள கொஞ்சங்கொஞ்சமா அரிக்கும், சாதாரணமா அது சமாளிச்சிக்கினு ஓடும், ரிப்போர்ட்டும் நார்மலா வரும். வயித்துல புள்ள வந்துட்டா அதுக்கு வேலை ஜாஸ்தி, அப்போ தாங்காமப் போவலாம், அதனால மாசத்துக்கொரு வாட்டி ரத்தம் பாக்கணும்னு. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், படிக்கட்டா?... அப்புறம் இன்னா?

"எனக்கு எப்டித் தெரியும், அவளுக்கு இருக்கோ இல்லையோ! தெரியாமத்தானே கேக்கறேன்! அவ அம்மாவுக்குக் கழுத்துல வீக்கம். ரெண்டு வருசம் முன்னாடி ஆயம்மாளுக்கு ஒண்ணு நாலாவது மாசத்துல கலஞ்சி போச்சு. இதுவும் மூணு முடியப் போவுது... பயந்துடுவாளா? அந்தப் புள்ளையத் துணியில சுத்திப் பொதச்சுட்டு, மறுவாரமே மரவள்ளிக் கெழங்கு புடுங்கப் போனவ மேடம் அவ. நம்பரைப் பாத்தா பயப்படுவா?

"ரிசல்ட்டைச் சொல்ல கமிட்டி அனுமதி குடுக்கணுமா?... எப்போ கூடுது?... அடுத்த மாசம் பதினெட்டு. அவ வயிறு உங்க கமிட்டிக்காகக் காத்துனு இருக்குமா?"

கோபம் ஏற ஏற அவள் பேச்சில் ஊர் ஏறிக்கொண்டிருந்தது. காதோரம் டுக் டுக் என்று இன்னொரு அழைப்பு தட்டியது. திரையில் வேடியப்பன்.

"மேடம், ஒரு நிமிசம், வெச்சுடாதீங்க... அண்ணா! சொல்லுண்ணா... கேக்குது, கேக்குது. சிக்னலுக்குப் பாறைமேல ஏறிட்டியா?... இன்னா பண்றா?... இன்னும் தூங்கறாளா? இந்நேரத்துலயா?... போர்வை போத்திக்கினா? இந்த வெயில்லயா?... இல்லண்ணா, மசக்கையாவும் இருக்கும், நீ ஒண்ணும் பயப்படாத. காலையில சொன்னதுதான். மூணு மணி வெள்ளிமலை பஸ்ல ஏறிடறேன். ராத்திரி உங்க வூட்லயே படுத்துக்கறேன். விடிஞ்சதும் மொத பஸ்ல கூட்டிக்கினு வந்து பெரியாஸ்பத்திரில ரத்தம் குடுத்துடலாம்... கோழிலாம் அடிக்காதண்ணா, ரசம் போதும்... சீட்டா? ஆமா, அந்தச் சீட்டை எடுத்து வெளிய வையி. கிழிச்சிடாத. எனக்கு அதுல வேலை இருக்கு... சரிண்ணா, சரி, பாத்து எறங்கு."

அவள் மேடத்தின் அழைப்புக்குத் திரும்பினாள்.

"மேடம், இருக்கீங்களா?... நீங்க எனக்குப் பேப்பர் அனுப்ப வேணாம். நாப்பத்தி ஏழு, நீங்க மட்டும் தொறந்து பாருங்க. ஒரு டாக்டரா பாருங்க, போதும்... ம்... வெயிட் பண்றேன்."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மவுஸ், ஒரு சொடுக்கு, இன்னொரு சொடுக்கு. பிறகு எதுவும் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜ் உறுமி, நடுங்கி, நின்றது.

"மேடம்?... மேடம், சொல்லுங்க... லைன்ல இருக்கீங்க, மூச்சு கேக்குது...

"கம்மியா இருந்தா 'கம்மிதாம்மா, போய் வேலையப் பாரு'ன்னு உடனே சொல்லியிருப்பீங்க... இல்ல, நீங்க ஒண்ணும் சொல்லல. உங்க வாயிலருந்து ஒரு வார்த்தை வரல. நான் யார் கேட்டாலும் அப்டித்தான் சொல்லுவேன். போதும் மேடம்.

"போவக் கூடாதா?... ஏன்?... காண்ட்ராக்ட்டா? ஓ... மேல படிக்கத் தர்றேன்னு சொன்ன சிபாரிசு லெட்டரா? புத்தி சொல்றீங்களா மேடம், மிரட்டறீங்களா? எதுவா இருந்தாலும் நேரா சொல்லுங்க... எங்கம்மா மணலூர்பேட்டைல நடவுக்குப் போறவங்க. அவங்களுக்கு லெட்டர்னா இன்னான்னே தெரியாது. சீட்டுன்னா தெரியும். படிச்சவங்க கையெழுத்து போட்ட சீட்டுன்னா சாமி படத்துக்குப் பக்கத்துல வெப்பாங்க. ஆயம்மாளும் அப்டித்தான் வெச்சா.

"நான் யாரோட ரிசல்ட்டையும் யாருக்கும் சொல்லப் போறதில்ல. சொல்றதுக்கு எங்கிட்ட இன்னா இருக்கு? ஆயம்மாளை ஆஸ்பத்திரில காட்டிட்டு, ஊர் ஊரா போய் எல்லா சீட்டுலயும் தேதியப் போடுவேன். 'மாசமானா மறுபடி ரத்தம் பாக்கணும்'னு கீழ எழுதுவேன். அவ்ளோதான். அதுக்கு உங்க ஏழாவது கட்டம் தேவையில்ல... ஆமா, அன்னிக்கே எழுதியிருக்கணும். தப்புதான். என் தப்பு பாதி. மீதிய நீங்க வெச்சுக்கங்க.

"இன்னாது?... இன்னிக்கு சாயங்காலம் மீட்டிங்கா, ஆன்லைன்லயா?... நான் இருக்க மாட்டேன் மேடம். மலையில சிக்னல் கெடைக்காது... ஹலோ?... ஹலோ..."

துண்டித்தது மேடம்தான். சுபஸ்ரீ போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பெண்களின் பெயரும் நம்பரும் எழுதிய நோட்டு மேசையில் கிடந்தது. அதைத் தொடவில்லை, எந்த வீட்டுப் படியில் எந்த நாய் படுத்திருக்கும் என்பதுவரை அவளுக்கு மனப்பாடம். ஆபீஸ் சாவியை அந்த நோட்டின்மேல் வைத்தாள். கதவுவரை போய்த் திரும்பி வந்து, ரத்தக் குழாய்களில் நம்பர் போடும் கறுப்பு மார்க்கரை மட்டும் எடுத்துக்கொண்டாள். லேமினேட் தாளில் அதுதான் அழியாமல் நிற்கும்.

படியிறங்கும்போது போன் அடித்தது. திரையில் மேடம் பெயர். எதிரே வெள்ளிமலை பஸ் கிளம்புவதற்காக உறுமிக்கொண்டிருந்தது. போனை அடிக்கவிட்டு, அவள் சாலையைக் கடந்தாள்.